வீட்டுக்குச் சொல்லும் விலை நியாயமா? பதிவுத்துறை தளத்தை வைத்து ஒரு பரிசோதனை

சென்னையில் பன்னிரண்டு வருடம் ஆன இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு 85 லட்சம் சொல்கிறார்கள். அந்த 85 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் அடுத்த பிளாக்கில் இன்னொருவர் 86 சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ஏதோ ஒரு ப்ராப்பர்ட்டி தளத்தில் 88 என்று பார்த்திருப்பார். அந்த 88 லட்சம் வீடு ஆறு மாதமாக விற்காமல் அதே தளத்தில் கிடக்கும். எல்லாரும் எல்லாருடைய ஆசையையும் பார்த்து விலை வைக்கிறார்கள். உண்மையில் கைமாறிய பணம் எவ்வளவு என்பது இந்தச் சங்கிலியில் எங்குமே வராது.

தமிழ்நாட்டில் அந்தத் தொகை எழுத்தில் இருக்கிறது, காசில்லாமல் பார்க்கவும் முடிகிறது. அது இருக்கும் இடம் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் உள்ள வில்லங்கச் சான்று, அதாவது எல்லாரும் இசி என்று சொல்வது: ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். வீட்டின் மேல் கடன் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பலரும் இசி எடுக்கிறார்கள். விலை பார்க்கும் கருவியாக அது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும், மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

இசி: பத்துக்கு எட்டு

மின்னணு சேவைகள் பகுதியில் வில்லங்கச் சான்று பார்வையிடும் பக்கத்துக்குப் போங்கள். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தொடக்க நாள், முடிவு நாள், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். விற்பவரின் பத்திர நகல் கையில் இருந்தால் இவை எல்லாம் சொத்து விவரத்தில் இருக்கும். விலைக்காகத் தேடுபவர் ஒன்றை மாற்றிச் செய்ய வேண்டும்: மனை எண், கதவு எண் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். அப்போதுதான் அதே புல எண்ணில் அக்கம்பக்கத்து வீடுகளின் பரிமாற்றங்களும் சேர்ந்து வரும். நமக்கு வேண்டியது அவைதான். காலத்தை கடைசி இரண்டு வருடத்துக்குச் சுருக்கிக்கொண்டால் போதும். ஒன்றும் சிக்கவில்லையென்றால் மூன்று வருடம் வரை போகலாம். அதற்கு மேல் பழைய விலைகள் குழப்பத்தைத்தான் தரும்.

தேடலில் எதுவுமே வரவில்லை என்றால் விற்பனையே நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு காரணங்கள் சகஜம். ஒன்று, உட்பிரிவு மாறியிருக்கும். 123/1 என்று இருந்தது பிறகு 123/1ஏ ஆகியிருக்கும், பழைய பதிவுகள் பழைய எண்ணிலேயே கிடக்கும். இரண்டு, அந்தப் பகுதி ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். இரண்டு எண்களிலும், இரண்டு அலுவலகங்களிலும் தேடுங்கள்.

வரும் பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், அதற்குக் கீழே சொத்தின் விஸ்தீர்ணம், எல்லைகள், அட்டவணை விவரம் ஆகியவை இருக்கும். நாம் பார்க்க வேண்டியது கைமாற்றுத் தொகை. பக்கத்தில் இருக்கும் 'சந்தை மதிப்பு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். முத்திரைத் தீர்வைக்காக வழிகாட்டி மதிப்பின்படி, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பின்படி, போட்ட கணக்கு அது, கடைத்தெரு விலை இல்லை.

இங்கேதான் வடிகட்டும் வேலை தொடங்குகிறது. தன்மை என்ற இடத்தில் கிரைய ஆவணம், அதாவது விற்பனைப் பத்திரம், என்று இருப்பதை மட்டும் எடுங்கள். தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை ஆவணம் ஆகியவை குடும்பத்துக்குள் நடப்பவை. அவற்றில் உள்ள தொகைக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை. வங்கி ஏலத்தில் கொடுத்த விற்பனைச் சான்றிதழும் வரும். அது வழக்கமான விலையைவிடத் தணிந்தே இருக்கும், அதை ஒரு அடிமட்டக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் கிரைய ஆவணங்களிலும் இரண்டு பொறிகள் உண்டு.

முதல் பொறி, புது ஃபிளாட்டின் முதல் விற்பனை. சென்னையில் வெகுகாலம் பில்டர்கள் விலையை இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். நிலத்தில் பிரிபடாத பங்குக்கு, அதாவது யூடிஎஸ்ஸுக்கு, ஒரு கிரையப் பத்திரம்; கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். அதனால் 60 லட்சத்துக்கு வாங்கிய வீடு இசியில் 18 லட்சம் என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு விற்பவரிடம் போய் சண்டை போட்டால் அவமானம்தான் மிச்சம். விஸ்தீர்ணத்தில் 450, 520 சதுர அடி என்று யூடிஎஸ் மட்டும் இருந்து, அட்டவணையில் கட்டடப் பரப்பு இல்லையென்றால் அது இந்த ரகம். அதே நபர் பெயரில் கட்டுமான ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் இரண்டையும் கூட்டுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். 2023 டிசம்பரிலிருந்து ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பு முறை வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய பதிவுகளில் முழுத் தொகை தெரிய வாய்ப்பு அதிகம். மறுவிற்பனை ஆவணங்களில் இந்தப் பிரிவினைச் சிக்கல் பொதுவாக வராது.

இரண்டாவது பொறி எல்லாருக்கும் தெரிந்தது: குறைத்துக் காட்டுவது. கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை எழுதிவிட்டு மீதி வேறு வழியில் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்தப் பதிவை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

அப்படியானால் எதை நம்புவது? கிரையப் பத்திரத்துக்கு அடுத்து, அதே நாளிலோ சில வாரங்களிலோ, வாங்கியவர் ஒரு வங்கிக்கு எழுதிக்கொடுத்த உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு இருக்கிறதா பாருங்கள். எம்ஓடி என்று சொல்வார்கள். வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பதிவது அது. கடன் தொகையும் அதில் இருக்கும். இந்த ஒரு வரிதான் மொத்த இசியிலும் விலை பார்ப்பவருக்குத் தங்கம்.

காரணம் இதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். எம்ஓடி 56 லட்சம் என்றால், வங்கி அந்த வீட்டைக் குறைந்தது 70 லட்சம் என்று மதித்திருக்கிறது. கிரையத் தொகையும் 70 லட்சமாக இருந்தால் இரண்டு தனித்தனி சாட்சிகள் ஒத்துப்போகின்றன. கடன் தொகை கிரையத் தொகையைவிட அதிகமாக இருந்தால், மேலே சொன்ன கட்டுமான ஒப்பந்தக் கதை. கிரையத்துக்கு மூன்று வருடம் கழித்து வரும் எம்ஓடியைச் சேர்க்காதீர்கள், அது டாப்-அப் கடனாகவோ தொழில் கடனாகவோ இருக்கும். ஒன்றையும் மறக்க வேண்டாம்: குறைவாகக் கடன் வாங்கியவர்களும் உண்டு. அதனால் இந்தக் கணக்கு தருவது கீழ் எல்லை மட்டுமே, உச்சவரம்பு இல்லை.

இரண்டு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், ஃபிளாட்டின் தளம், பார்க்கிங், உள் நிலவரம் எதுவும் அட்டவணையில் முறையாக வருவதில்லை. ஒரே புல எண்ணில் பத்து அப்பார்ட்மென்ட் இருந்தால் எது எது என்று எல்லை விவரத்தை வைத்துப் பிரிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு: மூன்று

அதே தளத்தில் தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் கிடைக்கும். பத்திரச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட அவசியம், விலை நியாயமா என்று பார்க்க ஏறக்குறைய பயனில்லை. இந்த மதிப்பு நடந்து வந்த பாதையே அதற்கு சாட்சி: 2017 ஜூனில் மாநிலம் முழுக்க 33 சதவீதம் ஒரே அடியாகக் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு ஏற்றினார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். அந்த நாட்களில் எந்தத் தெருவிலும் வீட்டு விலை 33 சதவீதம் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

'கைடுலைன் வேல்யூவே இவ்வளவு இருக்கு சார், அதுக்கு மேலதானே மார்க்கெட்' என்று புரோக்கர் சொல்வார். நகரின் உள்ளே பல தெருக்களில் அது சரி. புறநகரில் உள்ளடங்கிய சில தெருக்களில் வழிகாட்டி மதிப்பு, நிஜ விலைக்கு மேலே நிற்பதும் உண்டு. அங்கே நீங்கள் குறைத்து வாங்கினாலும் தீர்வையை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். இல்லையென்றால் முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவில் ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்குப் போய்விடும்.

ப்ராப்பர்ட்டி தளங்கள்: விற்பனைக்கு மூன்று, வாடகைக்கு ஏழு

மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர், ஹவுஸிங் எல்லாவற்றிலும் இருப்பது கேட்கும் விலை. ஒரே வீட்டை நான்கு புரோக்கர்கள் நான்கு விலையில் போட்டிருப்பார்கள். புகைப்படத்தில் ஜன்னல் கிரில்லின் டிசைனைப் பார்த்தால் ஒரே வீடு என்று பிடித்துவிடலாம். விற்பனை விலைக்கு இந்தத் தளங்களை ஒரே விதத்தில் பயன்படுத்தலாம். நீங்கள் பார்க்கும் வீட்டையும் அதே தரத்தில் ஐந்தாறு வீடுகளையும் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து எவை இன்னும் இருக்கின்றன, எவை விலை இறங்கியிருக்கின்றன என்று பாருங்கள். இன்னும் நிற்பவை எல்லாம் அதிக விலை.

வாடகை விஷயத்தில் இவை நன்றாக உதவும். வாடகைக்கு ஆசைவிலை சொல்லி வீட்டைப் பல மாதம் பூட்டி வைப்பவர் குறைவு, அதனால் போட்டிருக்கும் வாடகை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆண்டு வாடகையை விலையால் வகுத்துப் பாருங்கள். மாதம் 20,000 வாடகை கிடைக்கும் வீட்டுக்கு 85 லட்சம் என்றால் வருமானம் 2.8 சதவீதம், 70 லட்சம் என்றால் 3.4. அதே தெருவில் மற்ற வீடுகள் மூன்றரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒன்று மட்டும் 2.8 என்றால், அந்த வித்தியாசத்துக்கு விற்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டாளர்: ஏழு, நேரத்தைப் பொறுத்து

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நீங்கள் விலை பேசி முடித்த பிறகு வருகிறார். பேசிய தொகை அவர் கையில் இருக்கும் காகிதத்தில் இருக்கிறது. அந்தத் தொகையை ஒட்டியே அறிக்கை வந்து நிற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதனால் வங்கி ஒத்துக்கொண்டதை 'விலை சரி' என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக்குத் தன் கடன் திரும்பி வருமா என்பதுதான் கவலை. முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த வட்டாரத்தில் வங்கிகளுக்கு வேலை செய்யும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே அமர்த்தினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். விற்பவர் கேட்கும் விலையை அவரிடம் சொல்லாதீர்கள்.

அவர் போடும் கணக்கை நாமே ஓரளவு போடலாம். அந்த 85 லட்சம் ஃபிளாட்டையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தெருவின் எண்களை அந்த இடத்தில் போடுங்கள். புரோக்கர் சொல்லும் பரப்பு 1,000 சதுர அடி, யூடிஎஸ் 520 சதுர அடி, அதே தெருவில் காலி மனை சதுர அடி 8,500. நிலத்தின் பங்கு 44.2 லட்சம். கட்டடத்தை இன்று கட்ட சதுர அடிக்கு 2,400 என்றால் 24 லட்சம். ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) கட்டடத்துக்கு 60 வருட ஆயுளும் முடிவில் 10 சதவீத மிச்ச மதிப்பும் வைத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 1.5 சதவீதம், 12 வருடத்துக்கு 18 சதவீதம் கழித்தால் 19.7 லட்சம் நிற்கிறது. கூரை போட்ட கார் பார்க்கிங்குக்கு 3 லட்சம், மரவேலைக்கு 2 லட்சம். மொத்தம் 69 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது இசி பக்கம் வாருங்கள். அதே புல எண்ணில் 960 சதுர அடி ஃபிளாட் ஒன்று போன வருடம் 70 லட்சத்துக்குக் கைமாறி, அதோடு 56 லட்சம் எம்ஓடியும் இருக்கிறது என்று வையுங்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 7,290. நம் வீட்டுக்கு 73 லட்சம் வருகிறது. 69-க்கும் 73-க்கும் நடுவில்தான் பேச்சு நடக்க வேண்டும். 85 என்பது பேரம் பேசுவதற்காக ஏற்றிச் சொன்னதா, அந்த விலையையே நம்பிக்கொண்டிருக்கிறார்களா என்பது முதல் போன் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

புரோக்கர் சொல்லும் 1,000 சதுர அடி என்ற எண்ணை அப்படியே விடக்கூடாது. அதில் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். டேப் பிடித்து அறை அறையாக அளந்தால் 740 வரலாம், 680-ம் வரலாம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கார்ப்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி நீங்கலாக, உள்தடுப்புச் சுவர் சேர்த்த பரப்பு. ஒப்பிடும் இரண்டு வீடுகளையும் ஒரே அளவுகோலில் அளந்தால்தான் சதுர அடி விலைக்கு அர்த்தம் உண்டு. யூடிஎஸ்ஸை வாய்வார்த்தையாகக் கேட்காமல் பத்திரத்தில் பாருங்கள். ஒரே பரப்புள்ள இரண்டு ஃபிளாட்டில் ஒன்றுக்கு 520, இன்னொன்றுக்கு 380 இருந்தால், மேலே உள்ள நில விலையில் அது 11.9 லட்சம் வித்தியாசம். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வீட்டில் இதை மறந்துவிடுவார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆன ஃபிளாட்டுக்கு இந்தத் தேய்மானக் கணக்கு ஒத்துவராது. அங்கே விலை என்பது யூடிஎஸ் மட்டுமே. 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐயை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பை, 1.5-லிருந்து 2 ஆக்கின. 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதனால் தி.நகரிலோ அடையாரிலோ இடிந்து விழும் நிலையில் இருக்கும் ஃபிளாட்டுக்குப் பெரிய விலை சொன்னால் சிரிக்க வேண்டாம். தெரு அகலம் போதுமா, மற்ற உரிமையாளர்கள் ஒத்துவருவார்களா என்று மட்டும் விசாரியுங்கள். தெரு குறுகலாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே விலை இல்லை.

தனி வீட்டுக்குக் கணக்கு இன்னும் நேரடியானது: மனைவிலை, தேய்மானம் போக கட்டட விலை. மனை விஷயத்தில் அங்கீகாரம் முதலில். சிஎம்டிஏ, டிடிசிபி ஆகிய அரசு நகரமைப்பு அமைப்புகளின் அங்கீகாரமோ, பிறகு முறைப்படுத்திக் கொடுக்கும் வரன்முறையோ இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வாங்குபவர் கூட்டம் சுருங்கிவிடும், விலையும் அதற்கேற்ப. பக்கத்து அங்கீகார மனையின் விலையை இதற்குச் சொன்னால் ஏற்காதீர்கள். தெருக்குத்து மனை, தெற்குப் பார்த்த மனை இவற்றில் நம்பிக்கை இல்லாதவராகவே நீங்கள் இருக்கலாம். நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கு இருக்கும்.

நேரில் பார்த்துக் கழிக்க வேண்டியவை

கணக்கில் வராத கழிவுகள் வீட்டு வாசலில் தெரியும். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்ற பகுதிகளில் இபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய ஆணி ஓட்டைகள் இடுப்பளவில் இருக்க, பெட்டி மட்டும் தலைக்கு மேலே ஏறியிருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் தரைத்தளத்தின் விலை குறைய வேண்டும்.

கார் நிறுத்தும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அந்தச் செலவு எல்லா உரிமையாளர்கள் தலையிலும் விழும். அசோசியேஷனிடம் கையிருப்பு எவ்வளவு, லிஃப்ட் எப்போது மாற்றினார்கள், பாதாளச் சாக்கடை இணைப்பா செப்டிக் டேங்க்கா, கோடையில் மாதம் எத்தனை லாரி தண்ணீர் என்பதைச் செயலாளரிடமோ வாட்ச்மேனிடமோ கேட்கலாம். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தை. மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்று இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர் போகிறது. அந்தப் பாதையில் எங்கே வீடு கேட்டாலும் 'மெட்ரோ வருது' என்று சொல்லி விலை ஏற்றியிருப்பார்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், அல்லது நடுவில் கடக்க முடியாத சாலை ஒன்று இருந்தால், அந்த ஏற்றத்தைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை

மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குக் கூட்டு மதிப்பு முறையில் 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7 சதவீதம். 70 லட்சம் வீட்டில் இது 6.3 லட்சமா 4.9 லட்சமா என்ற வித்தியாசம். கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இந்தச் செலவைச் சேர்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

விலை பேசி முடிந்து முன்பண ஒப்பந்தம் எழுதும்போது ஒரு ஷரத்து சேர்த்துவிடுங்கள்: வங்கி மதிப்பீடு பேசிய தொகைக்கு இவ்வளவு கீழே வந்தால், விலையைத் திருத்துவது அல்லது முன்பணத்தைப் பிடித்தம் இல்லாமல் இத்தனை நாளுக்குள் திருப்பித் தருவது. சொன்ன விலையில் நம்பிக்கை உள்ள விற்பனையாளர் இதற்குக் கையெழுத்துப் போடுவார். தயங்குபவரிடம் முன்பணத்தை ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.